தெருவெல்லாம் எல்இடி, எந்த ஃபில்டர் வாங்கலாம்?

கேள்வி: தாம்பரத்துல மொட்டை மாடியிலேருந்து சாதா டிஎஸ்எல்ஆர், சின்ன டெலஸ்கோப் வச்சு படம் எடுக்கறேன். ஓரியன் நெபுலா, ஆண்ட்ரோமீடா ரெண்டும் எடுக்கணும். எந்த லைட் பொல்யூஷன் ஃபில்டர் வாங்கலாம்?

பதில்: ஆண்ட்ரோமீடாவுக்குன்னா தயவுசெஞ்சு வாங்காதீங்க. முன்னாடி தெருவுல இருந்த சோடியம் விளக்கோட மஞ்சள் வெளிச்சம் பெரும்பாலும் 589 நானோமீட்டர் அலைநீளத்தைச் சுத்தியே இருக்கும் (ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அலைநீளம் உண்டு), அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டா போதும், பழைய ஃபில்டருங்க அதுக்குன்னே செஞ்சதுதான். இப்ப வந்திருக்கற வெள்ளை எல்இடி அப்படி இல்ல, 450 பக்கம் நீலத்துல ஒரு உச்சி, அப்புறம் பச்சை மஞ்சள் சிவப்புன்னு முழுக்கப் பரவி கிடக்கு. ஆண்ட்ரோமீடா ஒரு கேலக்ஸி, அதுவும் நட்சத்திர வெளிச்சம்தானே, அதுவும் அதே மாதிரி பரவித்தான் வருது, அதனால ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணை மட்டும் வெட்ட எந்தக் கண்ணாடியாலயும் முடியாது. அந்தக் காசுல அமாவாசை ஒட்டி ஜவ்வாது மலைப் பக்கம் போயிட்டு வாங்க, காவலூர் வானியல் ஆய்வகம் அங்க இருக்கறதுக்கு இருட்டான வானமும் ஒரு காரணம்.

ஓரியன் வேற கதை. அது வாயு, குறிப்பிட்ட நிறத்துல மட்டும்தான் ஒளிரும்: ஹைட்ரஜன் ஆல்ஃபா 656, ஆக்சிஜன் 501. இந்த ரெண்டை மட்டும் விடற டூயல் பேண்ட் ஃபில்டர் எல்இடி வெளிச்சத்துலயும் நல்லா வேலை செய்யும். ஆனா உங்க கேமராவுக்குள்ள கம்பெனியே வச்சிருக்கற ஃபில்டர் அந்த 656 சிவப்புல முக்கால்வாசியை முழுங்கிடும், அதை மாத்தாத வரைக்கும் எக்ஸ்போஷர் நிறைய சேர்க்கணும். 3 நானோமீட்டர்னு ரொம்ப குறுகலானதுக்கு ஆசைப்படாதீங்க, எஃப்/2 மாதிரி வேகமான, அதாவது நிறைய வெளிச்சம் உள்ள விடற லென்ஸ்ல போட்டா அது விடற நிறமே நீலப்பக்கம் நகர்ந்து நெபுலா மங்கிடும், 7 போதும்.

கேள்வி: கேமரா இல்ல, 6 இஞ்ச் டாப்சோனியன் டெலஸ்கோப்ல கண்ணாலதான் பாக்கறேன். எனக்கும் அதே டூயல் பேண்ட் ஆகுமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாங்க, இருட்டுக்குப் பழகின கண்ணுக்கு 656 சிவப்பு தெரியவே தெரியாது. நீங்க யூஹெச்சிங்கற நெபுலா ஃபில்டர் வாங்குங்க, 486லேருந்து 501 வரைக்கும் உள்ள பச்சை நீலத்தை விடும், கண்ணுக்கு வேணுங்கறது அதுதான். ஃபில்டர் போட்டதும் நெபுலா பளிச்சுன்னு ஆகும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க, வெளிச்சம் குறையத்தான் செய்யும், ஆனா பின்னாடி வானம் அதைவிட அதிகமா கறுக்கும், அந்த வித்தியாசத்துலதான் ஓரியனோட ரெக்கை நீண்டு தெரியும். கடையில நம்பி வாங்கறதுக்கு முன்னாடி யாராவது வச்சிருந்தா கடன் வாங்கி, ஐபீஸுக்கும் (டெலஸ்கோப்ல கண் வச்சு பாக்கற லென்ஸ்) கண்ணுக்கும் நடுவுல விரலால பிடிச்சு உள்ள வெளிய நகர்த்திப் பாருங்க, ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சிடும். கேலக்ஸி, நட்சத்திரக் கொத்து பாக்கும்போது கழட்டி வச்சிருங்க. அப்புறம், உங்க ஐபீஸ் 1.25 இஞ்சா 2 இஞ்சான்னு பாத்துட்டு ஆர்டர் போடுங்க.