கருப்பு மார்பிள் தரை வெளுத்துவிட்டால் மெழுகு போதுமா?

கேள்வி: பதினொரு ஆண்டுகளுக்கு முன் கட்டிய எங்கள் வீட்டுக் கூடத்தில் கருப்பு மார்பிள் பதித்திருக்கிறோம். அண்மையில் சுவருக்கு வண்ணம் அடித்தபோது சிந்திய பெயிண்ட்டைப் போக்க, வேலையாட்கள் குளியலறை ஆசிட்டை நீரில் கலந்து ஊற்றிக் கழுவிவிட்டார்கள். தரை இப்போது சாம்பல் பூத்தது போல் இருக்கிறது. மெழுகு போட்டால் போதும் என்கிறார் ஒருவர். மிஷின் வைத்துத் தேய்த்தால்தான் சரியாகும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது? (மதுரை வாசகர்)

பதில்: இரண்டாமவர் சொல்வதே சரி. ஆனால் அதற்கு முன், உங்கள் தரை மார்பிள்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் பளபளக்கும் கருங்கல் எதையும் மார்பிள் என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. அலமாரிக்கு அடியில், கண்ணில் படாத ஓர் இடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். நுண்ணிய குமிழிகள் எழுந்து, துடைத்த இடம் மங்கினால் அது மார்பிள் அல்லது அதன் உறவான கடப்பைக் கல். கிரானைட்டில் எதுவும் நடக்காது. கிரானைட் மிகவும் கடினமானது என்பதால் அதற்கான தேய்ப்பு வேலையும் வேறு.

மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. ஆசிட் பட்டதும் அது கரைந்து, கண்ணாடி போல் இருந்த மேற்பரப்பு நுண்ணிய குழிகளாகிவிடுகிறது. அந்தக் குழிகளில் ஒளி நாலாபுறமும் சிதறுவதால்தான் கருப்பு நமக்குச் சாம்பலாகத் தெரிகிறது. வெள்ளை மார்பிளில் இதே சேதம் நேர்ந்தால் பாதிப் பேர் கவனிக்கக்கூட மாட்டார்கள். வெளுத்த இடத்தில் சிறிது தண்ணீர் தெளித்தால் கருப்பு உடனே திரும்பும், உலர்ந்ததும் மறையும். குழிகளைத் தண்ணீர் நிரப்புவதே காரணம். மெழுகும் இதே வேலையைத்தான் சற்று நீண்ட நாளுக்குச் செய்கிறது. தேங்காயெண்ணெய் தேய்த்துப் பார்த்தவர்களும் உண்டு. கோயிலில் சாமி சிலைக்கு எண்ணெய்க் காப்பு அழகுதான். நடக்கிற தரையில் அது தூசியைப் பிடித்து, காலையும் வழுக்கிவிடும்.

ஆக, குழிகள் விழுந்த மெல்லிய படலத்தையே தேய்த்து எடுக்க வேண்டும். இதற்கு டைமண்ட் பேட் (வைரத் துகள் பதித்த தேய்ப்பு வட்டு) பொருத்திய மிஷினைத் தண்ணீர் விட்டு ஓட்டுவார்கள். பேடின் எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும். வெறும் மங்கல் என்றால் 400 எண் பேடில் தொடங்கலாம். கீறல்களும் இருந்தால் 200-இல் தொடங்க நேரும். கற்களின் விளிம்புகள் மேடு பள்ளமாக இருந்தால் மட்டுமே 50 வரை இறங்க வேண்டும். எந்த எண்ணில் தொடங்கினாலும், இடையில் உள்ள எதையும் விடாமல் 400, 800, 1500, 3000 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு பேடும் முந்தைய பேட் விட்ட கோடுகளை அழிப்பதற்காகவே இருப்பதால், நேரத்தை மிச்சப்படுத்த ஒரு படியைத் தாண்டினால், மாலை வெயில் சாய்வாக விழும்போது கருப்புத் தரையில் வட்டவட்டமான கோடுகள் தெரியும். ஒரு பேட் முடிந்ததும் சேற்றை முழுவதும் வழித்துக் கழுவாமல் அடுத்ததைத் தொடுவதும் இதே விளைவைத் தரும். சுவரோரத்தை இந்தப் பெரிய மிஷின் எட்டாது. கை மிஷின் கொண்டு வருவாரா என்று முன்கூட்டியே கேளுங்கள், இல்லையேல் கூடத்தைச் சுற்றி மங்கலான கரை நின்றுவிடும். முதலில் ஒரே ஒரு கல்லில் எல்லாப் படிகளையும் முடித்துக் காட்டச் சொல்லி, அது நன்றாக உலர்ந்த பின் மறுநாள் பார்த்து, அதன் பிறகு மொத்த வேலைக்கும் ஒப்புக்கொள்வது நல்லது.

கருப்புக் கல்லுக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். கடைசி மெருகுக்குப் பயன்படும் வெள்ளைப் பவுடர் மயிரிழை விரிசல்களிலும் துளைகளிலும் புகுந்து காய்ந்தால், தரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். ஈரம் காய்வதற்குள் அலசி எடுக்க வேண்டும். இணைப்புகளில் வெள்ளை சிமெண்ட் உதிர்ந்துகொண்டிருந்தால், தேய்ப்பதற்கு முன்பே அதைச் சுரண்டிவிட்டுக் கருப்பு நிறக் கலவையால் நிரப்பச் சொல்லுங்கள். தேய்க்காமலே சாயம் பூசிக் கருப்பாக்கித் தரும் குறுக்குவழியும் நடப்பில் இருக்கிறது. வேலை முடிந்ததும் வெள்ளைத் துணியில் சிறிது தின்னர் நனைத்து ஒரு மூலையில் துடைத்துப் பாருங்கள். துணி கருத்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பாலிஷ் முடிந்த பின் சீலர் (கல்லின் துளைகளை அடைக்கும் திரவம்) பூசுவது உங்கள் விருப்பம். எண்ணெயும் மஞ்சளும் கல்லுக்குள் ஊறுவதை அது தாமதப்படுத்தும், ஆசிட்டிலிருந்து காக்காது. பூசுவதற்கு முன் தரை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும்.

அன்றாடம் முதலில் உலர்ந்த மாப்பால் மணல் துகள்களை எடுத்துவிட்டு, அதன் பிறகே ஈரத்தால் துடைக்க வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், துடைத்த கையோடு உலர்ந்த துணியாலும் ஒற்றியெடுங்கள். மதுரையில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்த உப்பு வெள்ளையாகப் படியும். அதைக் கரைக்கும் ஆசிட் கல்லையும் சேர்த்தே கரைத்துவிடும். புளி, தயிர், தக்காளி சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். ஆயுத பூசையன்று குங்குமம் தடவிய எலுமிச்சை மூடிகளை வாசற்படியில் வைக்கும்போது அடியில் ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் அங்கே இரண்டு வெள்ளை வட்டங்கள் இருக்கும்.