குத்திய இன்சுலின் ஊசியை எங்கே போடுவது?

கேள்வி: அம்மா காலையிலும் இரவிலும் பேனாவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கழற்றிய ஊசிகளைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டுவந்தோம். போன வாரம் குப்பை வண்டியில் வரும் அக்கா, ஊசி கையில் குத்திவிட்டது என்று சத்தம் போட்டார். மருந்துக்கடையில் பழைய ஊசியை வாங்க மாட்டார்களாம். என்ன செய்வது? செலவைக் குறைக்க ஒரே ஊசியை நாலைந்து முறை போடலாமா? – வாசகர், திருச்சி

பதில்: அவர் சத்தம் போட்டது நியாயம்தான். அவரை முதலில் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள், முடிந்தால் கூடவே போங்கள். மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ்) பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் குத்திய ஊசியால் பரவக்கூடியவை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை, ஊசி குத்திய 72 மணி நேரத்துக்குள், அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும். அந்தக் கெடு தாண்டிவிட்டாலும் ரத்தப் பரிசோதனையும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பற்றிய ஆலோசனையும் அவருக்குத் தேவை. உங்கள் அம்மாவும் இந்த மூன்றுக்கும் பரிசோதித்து முடிவைச் சொன்னால் மருத்துவருக்கு வேலை எளிது, அந்த அக்காவுக்கும் பயம் குறையும். இனி யாருக்குக் குத்தினாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிதுக்குவது, வாயில் வைத்து உறிஞ்சுவது இரண்டும் கூடாது.

ஊசி சேர்க்க விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. துணி அலசும் திரவம் வருமே, அந்த மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில், திருகு மூடியோடு இருந்தால் போதும். கழுவிக் காயவைத்து, ‘ஊசி, திறக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டி, பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி துளைத்துக்கொண்டு வெளியே வரும். கண்ணாடி உடையும். பேனா ஊசிக்கு இரண்டு மூடி இருக்கும். பெரிய வெளிமூடியை மட்டும் மாட்டித் திருகிக் கழற்றி, நேராகப் பாட்டிலில் போடுங்கள். உள்ளே இருக்கும் சின்ன மூடியைத் திரும்ப மாட்டப் போய்த்தான் பலர் விரலைக் குத்திக்கொள்கிறார்கள். சர்க்கரை பார்க்கக் குத்தும் லான்செட்டும் இதே பாட்டிலுக்குத்தான்.

முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் சுற்றிவிடுங்கள். அப்புறம் யாரிடம் கொடுப்பது? அம்மா காட்டும் மருத்துவமனையின் செவிலியரிடம் முதலில் கேளுங்கள். அவர்களுடைய ஊசிக் கழிவை எடுக்கத் தனி வண்டி வரும், உங்கள் பாட்டிலும் அதோடு போகலாம். ஒரு இடத்தில் மறுத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாநகராட்சிப் பணியாளரிடம் தனியாக, ‘உள்ளே ஊசி இருக்கிறது’ என்று சொல்லிக் கையில் கொடுங்கள். வீட்டு ஊசியையும் சிரிஞ்சையும் மற்றக் குப்பையோடு கலக்காமல் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். காயலான் கடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். அங்கே பாட்டிலைப் பிரிப்பவர் வெறுங்கையால்தான் பிரிப்பார்.

ஒரே ஊசியைத் திரும்பப் போடலாமா என்றால், கூடாது. ஒரு முறைக்காகச் செய்தது அது. முனை மழுங்கும், வலிக்கும், தோலடியில் கட்டி தட்டும். கட்டி தட்டிய இடத்தில் குத்தினால் மருந்து ஒழுங்காக ஏறாது, சர்க்கரை ஏறி இறங்கும். ஸ்பிரிட்டால் துடைத்தால் ஊசியின் வழவழப்புப் பூச்சும் போய்விடும். ஊசியைப் பேனாவிலேயே விட்டுவைத்தால் மருந்து கசியும், காற்றும் புகும்.

செலவுதான் பிரச்சினை என்றால் அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம். ஆனால் அதற்காகப் பேனாவிலிருந்து சிரிஞ்சுக்கு மாறுவதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். சிரிஞ்சில் இழுத்துப் போட இங்கே பரவலாகக் கிடைக்கும் இன்சுலின் குப்பி (வயல்) மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா மருந்து பொதுவாக மில்லிக்கு 100 யூனிட். பேனா மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்று போட்ட கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிழ அது போதும்.