கேளுங்க சொல்றோம்: ரெண்டாவது நிலாவும் நாத்தனாரும்

கேள்வி: ஒன்பதாவது படிக்கிற என் பையன் "பூமிக்கு ரெண்டாவது நிலா கெடச்சிருச்சும்மா"ன்னு செல்லுல காட்டுனான். அத கேட்டுட்டு எங்க மாமியார், அப்ப அமாவாசையும் மாசத்துக்கு ரெண்டா, உன் வீட்டுக்காரன் தர்ப்பணத்துக்கு ரெண்டு தடவ பாமணி ஆத்துக்கு போவணுமாங்கறாங்க. கிண்டலா நெஜமான்னே தெரியல. என்ன பதில் சொல்ல?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: ஒரு தடவ போனா போதும்னு மொதல்ல மாமியார்ட்ட சொல்லிருங்கம்மா. பையன் காட்டுனது காமோஆலேவாங்கற பாறையா இருக்கும். ஹவாய் பாஷைல வச்ச பேரு, ரெண்டு நாள் சொல்லிப் பாத்தாதான் வாயில நுழையும். 2016 ஏப்ரல் 27 அன்னிக்கு ஹவாய் தீவுல இருக்கற பான்-ஸ்டார்ஸ் டெலஸ்கோப்புல கண்டுபுடிச்சாங்க. அளவு 40 மீட்டர்லேருந்து 100 மீட்டருக்குள்ள, தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் ஏறக்குறைய 66 மீட்டர், அதை மனசுல வச்சுக்குங்க. ஏன் இப்படி மொத்தமா சொல்றாங்கன்னா, டெலஸ்கோப்புல அது வெறும் புள்ளி, வெளிச்சத்த வச்சுதான் கணக்கு, கருப்புக் கல்லுன்னா பெருசா இருக்கணும், வெளுத்த கல்லுன்னா சின்னதாவே இருக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். நீங்க உங்க ஊரு ராஜகோபாலசாமி கோயில சுத்தி தேரோடும் வீதில நடக்குறீங்க, நடு ரோட்டுல, ஒரே வேகமா. உங்க முந்தானைய புடிச்சிட்டு உங்களயே சுத்தி சுத்தி ஓடிவருதே உங்க சின்னப் புள்ள, அதான் நிலா. கூட உங்க நாத்தனாரும் வர்றாங்கன்னு வைங்க. அவங்க கொஞ்ச தூரம் கோயில் மதில் ஓரமா வெறுவெறுன்னு நடந்து உங்கள தாண்டிப் போயிடறாங்க, அப்பறம் உங்க முன்னாடியே குறுக்க பூந்து கடைப்பக்கம் ஒதுங்கி வளையல பாக்குறேன் பூவ பாக்குறேன்னு மெதுவா வந்து பின்தங்கி, திரும்ப உங்க பின்னால வழியா மதில் பக்கம் வந்து சேந்துடறாங்க. கெளம்புன எடத்துக்கு ரெண்டு பேரும் ஒன்னாத்தான் வந்து நிக்கிறீங்க. உங்க கண்ணுக்கு என்ன தெரியும்? நாத்தனார் உங்களத்தான் ஒரு சுத்து சுத்துன மாதிரி! ஆனா அவங்க சுத்துனது கோயில.

கோயில் சூரியன், நாத்தனார் காமோஆலேவா. அதுக்கும் சூரியன சுத்த நம்மள மாதிரியே ஒரு வருஷம்தான். பாதை மட்டும் நம்முடையத விட கொஞ்சம் நீள்வட்டம், கொஞ்சம் சாய்வு வேற, சூரியன் கிட்ட போறப்ப வேகம் கூடும் எட்டப் போனா கொறையும், கெப்ளர் 1609லயே சொல்லிட்டாரு. பூமி இதுல ஒன்னுமே பண்ணலையான்னா பண்ணுது, ஆனா ரொம்ப லேசா. வருஷா வருஷம் அந்த சுத்து கொஞ்சம் முன்னாடியோ பின்னாடியோ நகந்து போச்சுன்னா நம்ம ஈர்ப்பு திரும்ப பக்கத்துல சேத்துக்கும், ரொம்ப முன்னாடி போற நாத்தனார "இருங்க வர்றேன்"னு கொரல் குடுத்து நிறுத்தற மாதிரி. இப்படியே ஏறக்குறைய நூறு வருஷமா கூட வருது, இன்னும் பல நூறு வருஷம் வரும்.

விழுமோன்னு பயப்பட வேணாம். நிலா தூரம் 3,84,000 கிலோமீட்டர், அது மாதிரி 38 மடங்குக்கு கிட்ட இது வர்றதில்ல, 100 மடங்குக்கு மேல போறதும் இல்ல. பூமி ஒன்ன தனக்குன்னு கட்டி வச்சுக்கற எல்லையே ஏறக்குறைய 15 லட்சம் கிலோமீட்டர்தான், இது கிட்டத்துல வந்தாலே ஒன்னரை கோடி. அதனால நிலாங்கற பேரு அதிகம், யூடியூப்காரங்களுக்கு ஆவும்.

கேள்வி: அந்தப் பாறைக்கு எதுக்கு சைனாக்காரன் ராக்கெட் விடுறான்? தங்கம் கிங்கம் இருக்கா?
- திருவையாறு வாசகர்

பதில்: தங்கம் இல்ல சார், மண்ணு. தியான்வென்-2ங்கற கலம், 2025 மே மாசக் கடைசில கெளம்புச்சு. கொஞ்சம் கல்லும் மண்ணும் அள்ளி 2027ல பூமில போட்டுட்டு, அது பாட்டுக்கு 311பிங்கற வால்நட்சத்திரத்துக்கு போவணும்ங்கறது பிளான். எதுக்கு இவ்ளோ பாடுன்னா, 2021ல அரிசோனால உக்காந்து அதோட வெளிச்சத்த பிரிச்சு பாத்தவங்க, இது மத்த சிறுகோள் மாதிரி இல்ல, அப்போலோ-14 கொண்டாந்த நிலாக் கல்லு மாதிரி இருக்குன்னாங்க. எப்பவோ ஏதோ ஒன்னு நிலால மோதி தெறிச்ச துண்டா இருக்கலாம். அப்படின்னா மன்னார்குடி அம்மா, நான் சொன்ன உறவுமுறை தப்பு, நாத்தனார் இல்ல, உங்க சின்னப் புள்ளைக்கு சொந்தம்!

அள்ளுறது லேசு இல்ல. அது 28 நிமிஷத்துக்கு ஒரு தடவ தன்னத்தானே சுத்துது, நம்ம பக்கம் ரயில்வே கேட்டுல நிக்கிற நேரத்துல அங்க ஒரு பகலும் ராத்திரியும் முடிஞ்சிரும். ஈர்ப்பும் இல்லாத மாதிரிதான், எறங்கி காலூனுறதே பெரும்பாடு.

கேள்வி: மாடியில பைனாகுலர் வச்சா தெரியுமா?
- நீடாமங்கலம் வாசகர்

பதில்: தெரியாது. பெரிய டெலஸ்கோப்புக்கே ஏப்ரல் வாக்குலதான் சிக்கும். பைனாகுலர வியாழன் பக்கம் திருப்புங்க, அதோட நாலு நிலா வரிசையா தெரியும், அதுங்க நெஜமாவே நிலா.

கேள்வி: நம்ம டெல்டாக்காரங்க பேருல பாறை ஏதும் இருக்கா?
- கும்பகோணம் வாசகி

பதில்: உங்க ஊருலயே வளந்தவர் பேருல இருக்கும்மா. 4130 ராமானுஜன். சாரங்கபாணி சன்னதி தெருவுல குடியிருந்தாரே, அந்த கணக்கு மேதைதான். 1988 பிப்ரவரில நம்ம ஜவ்வாது மலை காவலூர்லேருந்து கண்டுபுடிச்சது. அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துது, இந்தப் பக்கம் வராது.