5 ஹெச்பியும் 3.7 கிலோவாட்டும் ஒண்ணுதானா, 5.5 சிவின்னா என்ன?

குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு விவசாயி கேட்டிருக்காரு. கிணத்து பம்புல ஓடிட்டிருந்த 5 ஹெச்பி மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சாம், கடையில 3.7 கிலோவாட்னு போட்ட புது மோட்டாரை காட்டுறாங்களாம், ராணிப்பேட்டையில ஒரு டேனரி மெஷின்ல இருந்து கழட்டின பழைய இத்தாலி மோட்டார் 5.5 சிவி, 220/380 வோல்ட்னு பிளேட் போட்டது கம்மி விலைக்கு வருதாம். எதை வாங்குறது, தன்கிட்ட இருக்கிற 7.5 கேவிஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் வச்சு சொல்ற கரண்ட் கொள்ளளவு) ஜெனரேட்டர் அதை இழுக்குமான்னு கேட்கிறாரு.

அண்ணா, மொதல்ல கடைக்காரர் சொன்னது சரிதான். 1 ஹெச்பின்னா 746 வாட், 5 ஹெச்பின்னா 3.73 கிலோவாட், அதைத்தான் 3.7னு போடுறாங்க, மோட்டார் சின்னதாயிடல. ஆனா ஒண்ணு கவனிங்க, 5.5ங்கிற நம்பரும் 7.5ங்கிற நம்பரும் ரெண்டு அளவுலயும் வரும். 5.5 கிலோவாட்னா 7.5 ஹெச்பி, 7.5 கிலோவாட்னா 10 ஹெச்பி. பிளேட்ல நம்பரை மட்டும் பார்த்து வாங்கிட்டு வந்து கழனியில மாட்டினப்புறம் கேபிள் சூடாகுது ஃப்யூஸ் போகுதுன்னு தவிக்கிறவங்க நிறைய பேரு, அதனால நம்பருக்கு பக்கத்துல இருக்கிற எழுத்தை கட்டாயம் படிங்க.

சிவிங்கிறது இத்தாலி, பிரான்ஸ் பக்கத்து ஹெச்பி, ஜெர்மன் மோட்டார்ல இதையே பிஎஸ்னு போடுவாங்க. 75 கிலோ எடையை ஒரு செகண்டுல ஒரு மீட்டர் தூக்குற சக்தி அது, வாட்ல 735.5. நம்ம ஹெச்பியை விட கொஞ்சம் கம்மி. 5.5 சிவியை கணக்கு போட்டா 4.05 கிலோவாட், நம்ம ஹெச்பில 5.4. உங்க விவசாய சர்வீஸ் 5 ஹெச்பி லோடுக்கு வாங்கினதுன்னா இது அதுக்கு மேல போயிடுது, லோடு ஏத்தித்தர எழுதிக் கொடுக்காம மாட்டக்கூடாது. ஆர்பிஎம்மும் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) பழைய மோட்டார் பிளேட்ல இருந்ததோட ஒத்துப்போகணும், 2880ல ஓடுற பம்புக்கு 1440 மோட்டாரை மாட்டினா தண்ணி மேல ஏறாது.

லோடை விட எனக்கு கவலை அந்த 220/380தான். அதுக்கு அர்த்தம், ஒவ்வொரு காயிலும் 220 வோல்ட்தான் தாங்கும்னு. நம்ம த்ரீ ஃபேஸ் லைன் 415. மூணு காயிலோட ஒரு முனையை ஒரே இடத்துல சேர்க்கிற ஸ்டார்ல கனெக்‌ஷன் கொடுத்தா காயிலுக்கு 240 வரும், அதுவே கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா ஓடும். காயிலை முக்கோணமா சேர்க்கிற டெல்டாவுல கொடுத்தீங்கன்னா முழு 415ம் காயில் மேல விழும், சீக்கிரமே புகை வந்துடும். அப்போ ஸ்டார்ல ஆரம்பிச்சு டெல்டாவுக்கு மாத்துற ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரே இந்த மோட்டாருக்கு போட முடியாது, முழு லைனையும் நேரா கொடுக்கிற டிஓஎல் ஸ்டார்ட்டர்தான், உங்க ஜெனரேட்டர் விஷயம் இங்கதான் மாட்டிக்குது.

ஏன்னா பிளேட்ல இருக்கிற கிலோவாட் மோட்டார் ஷாஃப்ட்ல வெளிய கொடுக்கிற சக்தி, லைன்ல இருந்து இழுக்கிறது இல்ல. இதை விட சின்ன 5 ஹெச்பி மோட்டாரையே எடுத்துக்கிட்டாலும், எஃபிசியன்சி 85 சதவீதம்னு வச்சா 3.73 வெளிய வர 4.4 கிலோவாட் உள்ள போகணும், அதாவது ஒரு மணி நேரம் முழு லோடுல ஓடினா 4.4 யூனிட். இதை பவர் ஃபேக்டர் (இழுக்கிற கேவிஏல நிஜமா வேலைக்கு ஆகுற பங்கு) 0.85ஆல வகுத்தா 5.2 கேவிஏ, ஆம்பியர்ல 7க்கு கொஞ்சம் மேல. ஓடும்போது 7.5 கேவிஏ தாராளம். ஆனா டிஓஎல்ல ஸ்டார்ட் ஆகுறப்போ ஆறு மடங்கு இழுக்கும், 30 கேவிஏ தாண்டிடும், ஜெனரேட்டர் வோல்டேஜ் அப்படியே உட்கார்ந்துடும், மோட்டார் சுத்தாம முனகிக்கிட்டே காயில் சூடாகும்.

அதனால என் யோசனை புது 3.7 கிலோவாட்தான். ஆறு முனை வெளிய இருக்கா, 415 டெல்டான்னு பிளேட்ல இருக்கான்னு பார்த்து வாங்குங்க, ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் போடுங்க. ஸ்டார்ட்டிங் இழுப்பு மூணுல ஒரு பங்கா கொறஞ்சு 10 கேவிஏ பக்கம் வரும், சில செகண்டுக்குத்தான். மத்த லைட், ஃபேன் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு மோட்டாரை மொதல்ல போட்டு பாருங்க, ஸ்டார்ட்டர் உள்ள இருக்கிற காண்டாக்டர் சுவிட்ச் படபடன்னு அடிச்சுக்கிட்டா 15 கேவிஏ ஜெனரேட்டர் தேவைன்னு அர்த்தம். ஸ்டார் டெல்டாவுல, ஆம்பியர் ஜாஸ்தியானா மோட்டாரை நிறுத்துற ஓவர்லோடு ரிலே காயில் பக்கம் இருந்தா அதை முழு 7 ஆம்பியருக்கு வைக்காதீங்க, பிளேட் ஆம்பியர்ல 58 சதவீதம், அதாவது 4.2 பக்கம் வைக்க சொல்லுங்க. 7ல வச்சிருந்தா மோட்டார் ஓவர்லோடு ஆனாலும் ரிலே ட்ரிப் ஆகாது.