ஒரே புள்ளியில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள்

கேள்வி: டாக்டர், என் வயது 34. இன்னும் ஒன்பது வாரத்தில் 80 கி.மீ. அல்ட்ரா மராத்தான். மூன்று வாரமாக இடது கீழ்க்காலின் உட்பக்கம் வலி, இரவிலும் வலிக்கிறது. நீண்ட ஓட்டத்துக்கு முன் இபுப்ரோஃபென் வலி மாத்திரை 400 மி.கி. போட்டுக்கொள்கிறேன். முழங்காலில் சொடக்குச் சத்தம் வேறு, கால்நகமும் கருத்துவிட்டது. எடை குறைந்திருக்கிறது, மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை, பயிற்சியால் என்று விட்டுவிட்டேன். எலும்புப் புற்றுநோயாக இருக்கும் என்று இணையத்தில் படித்து பயமாக இருக்கிறது. ஓட்டத்தை நிறுத்தினால் இத்தனை நாள் பயிற்சியும் வீணாகிவிடுமா?

பதில்: சொடக்குச் சத்தத்தை மறந்துவிடுங்கள், வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்தால் மூட்டுக்குக் கெடுதல் இல்லை. கருத்த நகம் தானே விழுந்து முளைக்கும். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்தான் முக்கியம்: இரவு வலி, நின்றுபோன மாதவிலக்கு.

மாத்திரை போடாத ஒரு நாளில் உட்கார்ந்துகொண்டு, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரல் நுனியால் 2 செ.மீ.க்கு ஒருமுறை அழுத்தி வாருங்கள். நான்கைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஆரம்பித்ததும் குறைகிற வலி என்றால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ், அதாவது விரிசல் இல்லாமல் அதிக ஓட்டத்தால் எலும்பின் விளிம்பில் வரும் வலி. ஓட்டத்தைக் குறைத்தாலே அடங்கும். விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால், ஓட ஓட வலி ஏறினால், எலும்பில் மயிரிழை விரிசல் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒற்றைக்காலில் குதித்துப் பார்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பிக் குதிக்காதீர்கள். விரிசல் இருந்தால் அது பெரிதாகலாம்.

உங்களுக்கு இரவிலும் வலிப்பதால், அழுத்திப் பார்த்ததில் எது தெரிந்தாலும் ஓட்டத்தை இன்றே நிறுத்திவிட்டு இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் சில வாரங்களில் எக்ஸ்-ரே சுத்தமாகவே இருக்கலாம். அதைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம், எம்.ஆர்.ஐ. கேளுங்கள். புற்றுநோய் பயத்துக்கும் அதே படம் பதில் சொல்லிவிடும். விரிசல் உள்விளிம்பில் என்றால் பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் கூடும். எலும்பின் முன்விளிம்பில் என்றால் ஆறுவதற்கு மாதங்கள் ஆகலாம். ஓடினால் முழுதாகவே முறியலாம். எப்போதாவது கவட்டையில் ஆழமான வலி வந்தால் அந்தக் காலை ஊன்றாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தொடை எலும்பின் கழுத்தில் விரிசலாக இருக்கக்கூடும்.

மாதவிலக்கு நின்றதைப் பயிற்சியின் அடையாளமாகப் பார்ப்பது தவறு. முதலில் கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் இல்லையென்றால், ஓடுகிற தூரத்துக்கு ஈடாக நீங்கள் சாப்பிடவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். உணவு போதாதபோது, எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் சுரப்பை உடல் குறைக்கிறது. ஒவ்வோர் ஓட்டத்திலும் எலும்பில் விழும் நுண்ணிய சேதத்தை அடைக்கும் வேலை அப்போது பின்தங்கிவிடும். இதைச் சரிசெய்யாமல் காலை மட்டும் ஆற்றினால் அடுத்த விரிசல் வேறோர் எலும்பில் வரலாம். மகளிர் மருத்துவரிடம் ஹார்மோன், தைராய்டு, வைட்டமின் டி பரிசோதனைகளைப் பற்றிப் பேசுங்கள்.

அந்த இபுப்ரோஃபெனை நீங்களாகப் போடுவதை விட்டுவிடுங்கள். நின்றிருக்க வேண்டிய காலை அது ஓட வைக்கிறது. அதைவிட மோசம், நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. பல மணிநேர ஓட்டத்தில் சிதையும் தசையின் கழிவும் அதே சிறுநீரகத்தில்தான் வந்து சேரும். எந்த நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனாலோ, பல மணிநேரம் வராமலே இருந்தாலோ, வீட்டில் காத்திருக்கக் கூடாது.

பயிற்சி வீணாகாது. இரண்டு மூன்று வார ஓய்வில் இதய, நுரையீரல் திறன் சிறிதளவே குறையும். மருத்துவர் அனுமதித்தால், இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு கால் தரையில் படாத ஆழத்தில் நீருக்குள் ஓடுங்கள். வலி இல்லையென்றால் சைக்கிளும் மிதிக்கலாம். எலும்பை அழுத்தினால் வலியில்லை, தொடர்ந்து ஐந்து நாள் நடந்தும் வலியில்லை என்ற பிறகு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை என்று 20 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குங்கள். அடியைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் காலில் விழும் பாரம் குறையும்.

படத்தில் விரிசல் கோடு தெரிந்தால் இந்த 80 கி.மீ. உங்களுக்கு இல்லை. பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்ற முடியுமா என்று அமைப்பாளர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.