கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. சுகர், பிரஷர் இரண்டுக்கும் பல வருடமாக எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் மாத்திரை வாங்குகிறார். போன மாதம் கால் எரிச்சலுக்காக டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினோம், அவரும் சுகருக்கு மாத்திரை எழுதினார். அம்மா இரண்டையும் சேர்த்தே போட்டிருக்கிறார். நாலாம் நாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சு குழறி, என்னையே யாரென்று கேட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சுகர் 48. இரண்டு அட்டையிலும் இருந்தது ஒரே கிளிமிப்பிரைடு என்றார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அடுத்த தடவை டாக்டரிடம் இதையெல்லாம் துருவிக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: முதலில் உங்களையும் அம்மாவையும் நொந்துகொள்வதை விடுங்கள். அரசு தரும் அட்டையில் மருந்தின் பெயரே இருக்கும். கடையில் வாங்குவதில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பொடி எழுத்திலும் இருக்கும். நிறம் வேறு, அளவு வேறு. 67 வயதுப் பெண்மணி இது இரண்டும் ஒன்று என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? டவுன் டாக்டர் எழுதியது உங்கள் ஊர் டாக்டருக்குத் தெரியாது, இவர் கொடுத்தது அவருக்குத் தெரியாது. இரண்டு பேரையும் பார்த்தவர் உங்கள் அம்மா ஒருவர்தான். "வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள்?" என்று கேட்க வேண்டியது டாக்டரின் கடமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வெளியே நூறு பேர் காத்திருக்கும் நாளில் அது விட்டுப்போகும், அப்போது நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பாட்டிக்கு பென்சிலின் ஊசி எழுதினேன். சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போனவர் திரும்பி வந்து, "இதே மாதிரி ஒரு ஊசி போட்டு முன்னாடி மூச்சு முட்டிப் போச்சுய்யா" என்றார். நான் கேட்டிருக்க வேண்டியது, அவராகச் சொன்னார். அவர் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். கேட்டால் கோபப்படுகிற டாக்டர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் கோபப்பட்டாலும் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது? ஒரு மஞ்சப்பை எடுங்கள். வீட்டில் அம்மா போடுகிற எல்லா மாத்திரையையும், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, சூரணம் உட்பட, அதில் போட்டுக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் வைத்து, "இதில் எது வேண்டும், எது வேண்டாம்?" என்று மட்டும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு முயற்சியில், நோயாளி கேட்க வேண்டிய ஐந்து தருணங்கள் என்று ஒரு பட்டியலே உண்டு: மருந்தைத் தொடங்கும்போது, சாப்பிட்டுவரும்போது, இன்னொன்று சேரும்போது, எல்லாவற்றையும் மறுபடி பார்க்கும்போது, நிறுத்தும்போது. உங்கள் வீட்டில் நழுவியது மூன்றாவது.

அப்புறம் ஒன்று. மறுபடி அப்படி வேர்த்து, கை நடுங்கினால், நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரம் கழித்துச் சுகர் பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த வகை மாத்திரையால் இறங்கிய சுகர் ஏறிவிட்டு, சில மணி நேரத்தில் திரும்பவும் இறங்கலாம், அதனால் தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: மாத்திரை அட்டையை வெட்டித் துண்டாகத் தருகிறார்கள். பெயரும் இல்லை, தேதியும் இல்லை. என்ன செய்வது?
- வாசகர், அரியலூர்

பதில்: கவுன்டரை விட்டு நகருமுன் மருந்தாளுநரிடம் பெயர், வேளை, காலாவதித் தேதி மூன்றையும் கவர்மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா என்று வரைந்து கொடுத்தாலே போதும்.

கேள்வி: எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் குறை இருந்தால் சண்டை போடாமல் சரிசெய்ய வழி உண்டா?
- வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: உண்டு. அங்கே நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கும், அதில் யார் யார் உறுப்பினர், கடைசியாக எப்போது கூடியது என்று மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். மே 1, ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுதிக் கொடுத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லலாம். தனி ஆளாக என்றால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணில் சொல்லலாம். மருந்தால் ஒவ்வாமை வந்திருந்தால் நோயாளியே நேரடியாகத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தினுடையது. எழுதும்போது நர்ஸ் பெயரையோ டாக்டர் பெயரையோ போட்டுத் திட்டாதீர்கள். எந்தத் தேதி, என்ன மருந்து, என்ன ஆயிற்று, இனி என்ன மாற வேண்டும் என்று எழுதுங்கள். திட்டி எழுதினால் ஒருவருக்கு மெமோ போகும், அடுத்த மாதமும் மாத்திரை அதே மாதிரி துண்டாகத்தான் வரும்.