பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

வண்டியில் பிரேக் மிதித்தால் இடப்பக்க டெயில் லைட் அணைந்து, இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது என்கிறீர்கள். பிரேக் ஸ்விட்சை மாற்ற அவசரப்படாதீர்கள். எனக்கு எர்த் மீதுதான், அதாவது மின்சாரம் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பின் மீதுதான் சந்தேகம். அந்தப் பக்கத்து பல்புகளுக்குப் பெரும்பாலும் ஒரே எர்த் வயர்தான் இருக்கும். அது துருப்பிடித்தால், பிரேக் லைட்டுக்கு வந்த மின்சாரம் திரும்ப வழியில்லாமல் பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து போகும்.

பல்பு ஹோல்டரின் எர்த் முனையிலிருந்து பாடியின் சுத்தமான உலோகத்துக்குத் தனி வயர் பிடித்து, ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். சரியாக எரிந்தால் நோய் அதுதான். எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டும் துருவும் போகச் சுரண்டி இறுக்குங்கள்.

அப்புறமும் தீராவிட்டால் பல்பைப் பாருங்கள்: 21/5 வாட் இரட்டை இழை பல்பு (பிரேக்குக்கு 21, டெயில் லைட்டுக்கு 5) இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை இழை பல்பை யாராவது திணித்திருக்கலாம். சரியாகும்வரை இரவில் ஓட்ட வேண்டாம்.